பதினான்காம் கிரகத்தின் விடுப்பு மனு

காலை ஆறு பத்துக்கு ஓரெஸ்ட் எழுந்தான். முகம் கழுவினான். காபிக்குத் தண்ணீர் வைத்தான். இரண்டு துண்டு ரொட்டியைச் சுட்டான். பின்கதவைத் திறந்து குளிர் எவ்வளவு என்று பார்த்தான்; ஏப்ரல் பிறந்தும் மானிட்டோபாவின் டாஃபின் ஊரில் பனி கரைந்தபாடில்லை. கதவோரச் சுவரில் ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று அறுந்து தொங்கியது. கதவைச் சாத்தினான். ரொட்டியை நின்றுகொண்டே தின்றான். பிறகு அன்றன்றைக்கு அவன் பயப்படும் முதல் வேலையைச் செய்யப் போனான்: சின்ன அறைக்குப் போய்க் கணினித் திரையைப் பார்த்தான்.

அந்தக் கணினி அவன் மனைவி ரோண்டாவுடையது. அதற்கென்று தனியாக ஒரு போன் இணைப்பு உண்டு. ஊரில் மோடம் வைத்திருப்பவர்கள் அதற்குப் போன் போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். வந்தவர் நாலு வரி எழுதிவைப்பார், ஒரு ஆட்டம் ஆடுவார், போய்விடுவார். இதற்குப் பலகை என்று பெயர். ரோண்டா பலகைக்காரி. ஜனவரி இருபத்து நான்காம் தேதி, இருபத்தெட்டு வயதில், மூளையில் ஒரு நரம்பு வெடித்து இறந்துபோனாள். பலகை ஓடிக்கொண்டிருந்தது. அது அவள் போட்ட சுவிட்ச். அணைக்க ஓரெஸ்டுக்குக் கை வரவில்லை.

அன்பினால் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். பாதிதான் உண்மை. மீதி பயம். அவன் தானியக் கிடங்கில் கோதுமைக்குத் தரம் போடுகிறவன். கோதுமை எதிர்த்துப் பேசாது. இதுவோ தினமும் விடியற்காலை மூன்று மணிக்குத் தானாகவே போனை எடுத்து, எண்ணைச் சுழற்றி, யாரிடமோ கீச்சென்று கத்தியது. அவன் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்வான்.

யாரிடம் கத்துகிறது என்பது அன்று காலை தெரிந்தது. திரையில் எழுதியிருந்தது:

‘பதினான்காம் கிரகத்தின் பொறுப்பாளர் ரோண்டா அவர்களுக்கு. எழுபது நாட்களாகக் கடமை தவறியதற்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். இப்படிக்கு, வடசமவெளி விண்வெளிப் போர்க் கூட்டமைப்பு.’

கூட்டமைப்பு என்பது இதுதான். மானிட்டோபாவிலும் சஸ்காச்சவானிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் வட டக்கோட்டாவிலும் இருக்கிற இருபத்து மூன்று பலகைகள் சேர்ந்து ஒரு போர் ஆட்டம் ஆடின. ஒவ்வொரு பலகையும் ஒரு கிரகம். பகலில் தாக்குதல், உடன்படிக்கை, வசவு எல்லாம் பலகையில் சேரும். மூன்று மணிக்கு ஒவ்வொரு பலகையும் ஸ்டைன்பாக்கில் இருக்கும் மையத்துக்குப் போன் போட்டுத் தன் மூட்டையைக் கொடுத்துவிட்டு மற்றவர்களின் மூட்டையை வாங்கிக்கொள்ளும். ஆட்டம் ஆடக் கற்றுத்தரும் குறிப்பு எட்டுப் பக்கம். கூட்டமைப்பின் விதித்தொகுப்பு நூற்றுப் பன்னிரண்டு பக்கம், இணைப்புகள் நீங்கலாக.

ஓரெஸ்ட் இரண்டு விரலால் பதில் தட்டினான். ‘ரோண்டா ஜனவரி 24 அன்று இறந்துவிட்டார். மன்னிக்கவும். ஓரெஸ்ட், கணவர்.’ எதற்கு மன்னிப்புக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மூன்று நாளில் செயலாளர் வெர்னா பெல்லெட்டியேவிடமிருந்து பதில் வந்தது. தங்கள் விடுப்பு மனு கிடைத்தது. விதிப்படி விடுப்பு மூன்று வகைப்படும்: சுற்றுலா, கருவிப் பழுது, போன் கட்டணத் தகராறு. தாங்கள் குறிப்பிட்ட காரணம் பட்டியலில் இல்லாததால், அதற்கு மிக நெருக்கமானதாகிய கருவிப் பழுதின் கீழ் பதிவு செய்திருக்கிறோம். திரும்பி வரும் தேதி என்ற இடம் காலியாக உள்ளது. நிரப்பி அனுப்பவும்.

அவன் காலியாகவே திருப்பி அனுப்பினான். படிவம் திரும்பி வந்தது. ‘வர மாட்டார்’ என்று எழுதினான். எண்கள் மட்டும் எழுதவும் என்று திரும்பி வந்தது. நான்காம் தடவை, அந்த நிரல் ஏற்றுக்கொள்ளும் கடைசித் தேதியைப் போட்டான்: 31 டிசம்பர் 1999. உடனே ஏற்றுக்கொண்டது. மறுநாள் வெர்னா எழுதினாள்: ‘மனு அனுமதிக்கப்பட்டது. ரோண்டா அவர்களை மீண்டும் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்.’

அன்று கிடங்கில் கோதுமையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரெஸ்ட் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம். தான் எண்ணுவதை உணர்ந்ததும் கோதுமையைத் தட்டில் கொட்டினான்.

ஏப்ரல் கடைசியில் வேறொரு சிக்கல். ரோண்டாவின் கிரகம் மூன்று மாதமாக அசையாமல் கிடந்தது. அதே மூன்று மாதத்தில் மற்ற கிரகங்கள் ஒன்றையொன்று அடித்து நொறுக்கிக்கொண்டன. பதினோராம் இடத்தில் இருந்த அவள் எதுவும் செய்யாமலே மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டாள். இது பலருக்கு உறுத்தியது. கூட்டமைப்பு ஒரு விசாரணையைத் தொடங்கியது. தலைப்பு: ‘பதினான்காம் கிரகம் மரணத்தை ஓர் உத்தியாகப் பயன்படுத்துகிறதா?’

விசாரணை விஷயமாகத்தான் மே முதல் வாரம் வெர்னா போன் செய்தாள். பகலில் பள்ளிப் பேருந்துகளுக்கு நேரம் குறிக்கிற வேலை அவளுக்கு. குரல் சாதாரணமாக, அன்பாகக்கூட இருந்தது.

“ஓரெஸ்டா? நான் வெர்னா. செயலாளர்.”

அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

“பேச நேரம் இருக்கா கண்ணு?”

“இருக்கு.”

“பழைய கோப்பைப் புரட்டிக்கிட்டிருந்தேன். உன் வீட்டுக்காரி அனுப்பின மூட்டை ஒண்ணை மையத்துல நிறுத்திவெச்சிருக்காங்க. ஏழாம் விதி. ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத வீட்டு விஷயம் எழுதியிருக்கான்னு.”

“எப்போ எழுதினது?”

“ஜனவரி இருபத்து மூணு, சனிக்கிழமை. ராத்திரி பத்து அம்பத்திரண்டு.”

ஓரெஸ்ட் சமையலறைத் தரையில் உட்கார்ந்தான்.

“என்ன எழுதியிருக்கா?”

“அதை நான் பாக்கல. பாக்கவும் கூடாது. மையத்துல இருக்கிற கோர்டுதான் படிச்சுட்டுச் சீட்டு ஒட்டியிருக்கான்.” காகிதம் சரசரத்தது. “‘கணவர் பற்றிய குறிப்பு. பாதகமானது.’ அவ்வளவுதான் இருக்கு.”

“பாதகமானதா?”

“கவலைப்படாதே. எப்படியும் மே இருபத்து நாலு காலையில சீசன் முடியுது, எல்லாத்தையும் துடைச்சுடுவாங்க. சாப்பிடறியா ஒழுங்கா? உன் குரலே சரியில்ல.”

போனை வைத்த பிறகு அவன் தரையில் இருந்தபடியே அந்த இரவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான்.

அந்தச் சனிக்கிழமை இரவு அவன் கூடத்தில் சோபாவில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். மேற்குக் கடற்கரை ஆட்டம், நேரமாகித் தொடங்கியது. சின்ன அறையிலிருந்து ரோண்டா ஏதோ சொன்னாள். அவன் ‘ம்’ என்றான். அப்படியே தூங்கிப்போனான். காலை ஐந்து மணிக்குக் குளியலறையில் சத்தம் கேட்டு ஓடினான். அவள் விழுந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நாலு. அந்தக் குளிரில், இரவெல்லாம் ஒயர் மாட்டி மின்சாரத்தில் சூடாக வைக்காத கார் நகராது. கார் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. ஒயரைக் கழற்ற மறந்து ஓட்டியதில் அது அறுந்தது. தினமும் ஒயர் மாட்டுவது அவன்தான். அன்றும் மாட்டியிருப்பான் என்றே எண்ணிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் நாற்பது நிமிடம் இருந்தாள். எதுவும் சொல்லவில்லை.

அவள் அம்மா ஸ்டெஃபானியா கேட்டாள்: “கடைசியா என்னப்பா சொன்னா என் பொண்ணு?”

‘ம்’ என்றேன், அவள் சொன்னது காதில் விழவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை. “‘உன்கூட சந்தோஷமா இருந்தேன்’னு சொன்னாம்மா,” என்றான்.

ஸ்டெஃபானியா அதைக் கல்லறையில் பொறிக்க ஏற்பாடு செய்துவிட்டாள். கல்லுக்காரன் விக்டோரியா தின விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை உளியை எடுப்பான்.

இப்போது மையத்தில் ஒரு மூட்டை இருக்கிறது. அதில் அவள் உண்மையாகச் சொன்னது இருக்கிறது. அது பாதகமானது. மே இருபத்து நாலு, திங்கட்கிழமை, அதைத் துடைத்துவிடுவார்கள். துடைத்தால் அவனுக்கு ஒருநாளும் தெரியாது. துடைக்காவிட்டால் தெரிந்துவிடும். இரண்டில் எது அதிக பயம் என்று அவனால் தரம் பிரிக்க முடியவில்லை. கூட்டமைப்பின் வருடாந்திரப் பொதுக்குழு அதற்கு முந்தைய சனிக்கிழமை, நீபாவா என்ற ஊரில். போனான்.

பொதுக்குழு அந்த ஊரில், பனிக்கட்டியில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் சங்கத்தின் கட்டிடத்தில் கூடியது. மேஜையில் டோனட், ஒரு பெரிய காபிப் பானை. தலைமை ஒருங்கிணைப்பாளர் மர்ரி தோர்வால்ட்சன் கழுத்தில் அட்டை மாட்டி நடுவில் உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் அவர் கிம்லியில் பௌலிங் ஆடும் ஒரு பந்துருட்டுக் கூடத்தின் துணை மேலாளர்; வாடகை ஷூக்களுக்குக் கிருமி மருந்து அடிப்பவர். இங்கே இருபத்து மூன்று கிரகங்கள் அவர் கையில்.

வெர்னா வருகைப் பதிவு எடுத்தாள். “கிரகம் பதினாலு?”

ஓரெஸ்ட் வாய் திறப்பதற்குள் அவளே எழுதிக்கொண்டாள். “விடுப்பு.”

தோர்வால்ட்சன் எழுந்தார்.

“நண்பர்களே, நாமெல்லாம் ஒரு குடும்பம். இந்த நாலு வருஷத்துல யாரையும் நாம வெளியே தள்ளினதில்லை. போனவங்க தானா போனாங்க. நாம கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டோம், அவ்வளவுதான். சில பேர் கேக்கறாங்க, ஒரு விளையாட்டுக்கு எதுக்கு இத்தனை விதின்னு. நான் திருப்பிக் கேக்கறேன்: விதி இல்லேன்னா நாமெல்லாம் யாரு? சனிக்கிழமையும் அதுவுமா பந்துருட்டுக் கூடத்துல நிக்கிற ஆளு!”

பலத்த கைதட்டல். பிறகு, போன கூட்டத்தின் குறிப்பில் கையெழுத்துக்குக் கீழே கிரக எண் போட வேண்டுமா வேண்டாமா என்று ஐம்பது நிமிடம் விவாதித்தார்கள். போடலாம் என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு துணைக்குழு அமைத்தார்கள்.

பிறகு பதினான்காம் கிரகம்.

“முதல்ல ஆழ்ந்த அனுதாபம்,” என்றார் தோர்வால்ட்சன். “இறந்ததுக்கு ஆதாரம் இருக்கா?”

ஓரெஸ்ட் இறப்புச் சான்றிதழை நீட்டினான். வெர்னா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள்.

“எல்லாம் சரியா இருக்கு கண்ணு. கிரக எண் மட்டும் போடலையே.”

மைனாட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் கை தூக்கினார். “நான் பேசலாமா? மார்ச் மாசம் இந்தம்மாவை மூணு தடவை தாக்கினேன். திருப்பி அடிக்கவே இல்லை. ஒரு திட்டுகூட வரலை. எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. என்ன திட்டம் போடறாங்களோன்னு பயந்து பாதிப் படையைக் காவலுக்கு வெச்சேன். அந்த நேரத்துல ரெஜைனாக்காரன் என் நிலாவைப் பிடிச்சுட்டான். இதுக்கு யார் பொறுப்பு?”

எல்லாரும் ஓரெஸ்டைப் பார்த்தார்கள்.

“மன்னிச்சுக்குங்க,” என்றான் ஓரெஸ்ட்.

“அப்ப ஒத்துக்கறீங்க?”

“இல்ல. எனக்கு அந்த மூணாம் இடம் வேண்டாம். ஜனவரி இருபத்து மூணாம் தேதி மூட்டையை மட்டும் குடுத்துடுங்க. அவ எழுதினது. நான் போயிடறேன்.”

தோர்வால்ட்சன் விதித்தொகுப்பைப் புரட்டினார். அவசரமில்லாமல் புரட்டினார்.

“நிறுத்திவெச்ச மூட்டையை விடுவிக்கணும்னா அனுப்பினவரே கையெழுத்துப் போட்டுக் கேக்கணும். அவங்க தொண்ணூத்தொம்போது டிசம்பர்ல வர்றதா நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?”

“திங்கக்கிழமை துடைச்சுடுவீங்களே.”

“ஆமா. அதான் சங்கடம்.” அவர் உண்மையிலேயே சங்கடப்பட்டார். “தம்பி, எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா ஒருத்தருக்கு இரக்கம் காட்டினா நாளைக்கு எல்லாருக்கும் காட்ட வேண்டிவரும். அப்புறம் இந்த அமைப்பு என்ன ஆகும்?”

யாரோ இதைத் தீர்மானமாகவே போடலாம் என்றார். இன்னொருவர் வழிமொழிந்தார். காபிக்காகப் பத்து நிமிட இடைவேளை.

காபிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பருத்த ஆள் வந்து நின்றான். கையில் ஐஸ்கிரீம் வாளி ஒன்றைப் பிள்ளையைப் போல அணைத்துப் பிடித்திருந்தான். உள்ளே ஐஸ்கிரீம் இல்லை, ஃப்ளாப்பி என்னும் நெகிழ்வட்டுகள்.

“நான் கோர்டு கிளாசன். மையம் என் வீட்டு நிலவறையிலதான் இருக்கு.” முகத்தைப் பார்க்காமலே பேசினான். “சீட்டு ஒட்டினது நான்தான்.”

“நீங்க படிச்சீங்க.”

“ஒரே தடவைதான்பா. படிக்கிறது என் வேலை.”

“என்ன எழுதியிருந்தா?”

“சொல்லக் கூடாது. உறுதிமொழி எடுத்திருக்கேன்.” சுற்றிலும் பார்த்தான். பன்றிப் பண்ணைக்காரன், கை ஒவ்வொன்றும் மண்வெட்டி மாதிரி. ஆனால் தோர்வால்ட்சன் அந்தப் பக்கம் திரும்பியதும் அவன் தோள் ஒடுங்கியது. “மையத்தை என்கிட்டேர்ந்து பிடுங்கிட்டா எனக்கு வேற எதுவும் இல்லப்பா. பன்னி மட்டும்தான்.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

கோர்டு சர்க்கரையை அள்ளிக் காபியில் கொட்டினான். “விடுவிக்கத்தான் கையெழுத்து வேணும். தண்டிக்கறதுக்கு ஒண்ணும் வேணாம். குற்றம்னு தீர்ப்பாயிட்டா அந்த மூட்டை தள்ளுபடி. தள்ளுபடியான மூட்டை அனுப்பினவங்க வீட்டுக்கே திரும்பிப் போயிடணும். பக்கம் எழுபத்தொண்ணு. நான் எதுவும் சொல்லல, என்ன?”

இடைவேளை முடிந்தது. ஓரெஸ்ட் எழுந்து நின்றான்.

“ரோண்டா தப்பு செஞ்சா,” என்றான். “ஆட்டத்துல வீட்டு விஷயம் எழுதினா. குற்றத்தை ஒத்துக்கறோம். பக்கம் எழுபத்தொண்ணுபடி தண்டிச்சுடுங்க.”

அறையில் ஒரு சுகமான சலசலப்பு பரவியது. நான்கு வருடத்தில் யாரும் எதையும் ஒத்துக்கொண்டதில்லை.

தோர்வால்ட்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இதுதான் பெருந்தன்மை. பதினாலாம் கிரகத்தை நீக்குவதா தீர்மானிக்கறோம். தொண்ணூத்தொம்போதுல அவங்க திரும்பி வந்து புதுசா விண்ணப்பிச்சா, இந்தக் கூட்டமைப்பு பழசை மனசுல வெச்சுக்காது. யாருக்காவது மறுப்பு இருக்கா? இல்லை. செயலாளர் கண்டனத்தைப் படிக்கலாம்.”

“கண்டனமா?” என்றான் ஓரெஸ்ட்.

“குற்றமான வாசகத்தைச் சபையில முழுசாப் படிச்சு, குறிப்புல ஏத்தி, இருபத்து மூணு பலகைக்கும் அனுப்புவோம். மத்தவங்களுக்குப் பாடமா இருக்கணும்ல?”

“வேண்டாம். நான் வீட்டுல படிச்சுக்கறேன். தயவுசெஞ்சு.”

“அடுத்த வரியே அதுதான் தம்பி. பக்கம் எழுபத்தொண்ணு. நீங்களே கேட்டது.”

கோர்டு வாளிக்குள் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அடுத்த வரியை அவன் படித்ததில்லை போலிருக்கிறது.

இருபத்து மூன்று பலகைகள். அதில் ஒன்று டாஃபினில் அவன் வீட்டிலேயே இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அதைப் படிப்பார்கள். திங்கள் மாலைக்குள் ஸ்டெஃபானியா காதுக்குப் போய்விடும். செவ்வாய் கல்லுக்காரன் வருவான். ஓரெஸ்ட் கதவைப் பார்த்தான். பன்னிரண்டு எட்டு வைத்தால் வெளியே போய்விடலாம். எண்ணினானே தவிர கால் நகரவில்லை. முன்நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மூட்டையைக் கோர்டு அச்செடுத்து ஒட்டிக் கொடுத்திருந்த உறையை வெர்னா கிழித்தாள். பேருந்து நேரம் அறிவிக்கிற குரலில் படித்தாள்.

“அனுப்புநர், கிரகம் பதினாலு. பெறுநர், கிரகம் ஒண்ணு, மர்ரி தோர்வால்ட்சன். ஜனவரி இருபத்து மூணு, இரவு பத்து அம்பத்திரண்டு. வாசகம் ஆரம்பம்.”

அவள் நிறுத்தினாள். முழுவதையும் ஒருமுறை கண்ணால் ஓட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“படிங்க வெர்னா,” என்றார் தோர்வால்ட்சன். “நேரம் ஆகுது.”

வெர்னா படித்தாள். இந்தத் தடவை குரல் கொஞ்சம் மெதுவாக வந்தது.

“‘மர்ரி, உங்க படை மொத்தத்தையும் என் நிலாவுக்குப் பின்னாடி சிக்கவெச்சிருக்கேன், விடிஞ்சதும் பாத்துக்குங்க. ஒரு நிமிஷம், இதை முடிக்கிறதுக்குள்ள ஒரு வேலை இருக்கு. வெளியில முப்பத்து நாலு கீழே. காருக்கு ஒயரை மாட்டுடான்னு சொன்னேன், என் வீட்டுக்காரன் ம்-ங்கிறான். அவன் ம்-னு சொன்னா காதுல விழலைன்னு அர்த்தம். பாவம், நாள் பூரா நின்ன காலு, தூங்கட்டும். நானே போய் மாட்டிட்டு வர்றேன்.’”